வேப் லிக்விட் கலக்கும்போது: எத்தனை நாள் ஊற வேண்டும், எப்போது மூடியைத் திறக்க வேண்டும்

முதல் நாள் வைத்த மீன் குழம்பு மறுநாள்தான் ருசிக்கும் என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈ-சிகரெட்டில் ஊற்றி ஆவியாக இழுக்க வீட்டில் கலக்கும் வேப் லிக்விடும் அந்த ரகம்தான். கலந்த அன்றே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சென்ட் பாட்டிலை மோந்த மாதிரி இருக்கிறது" என்று சிங்க்கில் கொட்டுகிறவர்கள் உண்டு. நாலு நாள் மூடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்து, வாசனையெல்லாம் பறந்த பிறகு ஃப்ளேவர் தயாரித்தவரைத் திட்டுகிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் குழப்பம் ஒன்றுதான். மூடி வைத்து ஊறவிடுவது ஒரு வேலை, மூடியைத் திறந்து காற்றாட விடுவது வேறு வேலை. ஊறல் கிட்டத்தட்ட எல்லா மிக்ஸுக்கும் வேண்டும். காற்றாட விடுவது ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கு மருந்து. அந்த மருந்தையும் சிட்டிகை அளவில்தான் கொடுக்க வேண்டும்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இங்கே சொல்லும் அளவுகளும் பொருள்களும் பிரிட்டனில் கடையில் கிடைப்பவற்றை வைத்து எழுதியவை. அங்கே 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்குக் கலந்துகொள்ளலாம். கடையில் விற்கும் நிக்கோடின் திரவம் மில்லிக்கு 20 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. கலந்ததை விற்க நினைத்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ-வுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அது தனிக் கதை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது பாட்டிலைப் பெட்டியில் போடாதீர்கள். சிகரெட் பிடிக்காதவர் இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

லிக்விடில் இருப்பவை நான்கே பொருள். கெட்டியான, லேசாக இனிக்கும் தாவரக் கிளிசரின் (வெஜிடபிள் கிளிசரின்), அதாவது விஜி. தண்ணீர் போல ஓடும் புரோப்பிலீன் கிளைக்கால், அதாவது பிஜி. பெரும்பாலும் பிஜியிலேயே கரைத்து வரும் ஃப்ளேவர் கான்சன்ட்ரேட். கடைசியாக நிக்கோடின்.

ஊறும்போது முதலில் நடப்பது வெறும் கலப்பு. விஜி பாகு போல இருப்பதால் நீங்கள் எவ்வளவு குலுக்கினாலும் ஃப்ளேவர் உடனே சமமாகப் பரவாது. புதிதாகக் கலந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சர்க்கரைப் பாகில் தண்ணீர் ஊற்றினால் தெரிவது போல, கண்ணாடி நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். அந்தக் கோடு தெரியும்வரை லிக்விட் இன்னும் கலந்து முடியவில்லை. நன்றாகக் குலுக்கினால் சில மணி நேரத்தில் அது மறையும். குளிர்காலத்தில், ஹீட்டர் போடாத அறையில், ஒரு நாள்கூட ஆகும்.

இரண்டாவது, எளிதில் ஆவியாகும் பொருள்கள் வெளியேறுவது. மூடி திறந்திருந்தால்தான் இது நடக்கும்.

மூன்றாவது, உண்மையான வேதி மாற்றம். வெனிலின், இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, செர்ரி-பாதாம் வாசனையின் பென்சால்டிஹைடு, எலுமிச்சையின் சிட்ரால் ஆகியவை ஆல்டிஹைடு குடும்பம். இவை பிஜியோடு மெல்ல வினைபுரிந்து அசிட்டால் என்ற சேர்மங்களாகின்றன. அறை வெப்பத்திலேயே, மூடிய பாட்டிலுக்குள்ளேயே, சில நாள்களில் நடக்கிற மாற்றம் இது. கஸ்டர்டின் கூர்மை மழுங்கி உருண்டு வருவதில் இதற்கும் பங்குண்டு. ஆனால் ருசி உருண்டு வந்தால் நெஞ்சுக்கும் இதமாகிவிட்டது என்று பொருளல்ல. யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் இந்த அசிட்டால்களைச் சோதித்தபோது, சுவாசப் பாதையில் எரிச்சலை உணரும் ஏற்பிகளை இவை தூண்டுவதைக் கண்டார்கள். சாப்பிடப் பாதுகாப்பானது என்று லேபிளில் போட்டிருப்பது வயிற்றுக்கான உறுதிமொழி. நுரையீரலுக்கு அது செல்லாது. ஃப்ளேவர் சதவீதத்தைக் குறைவாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசையில் என்ன வேண்டும்

0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. சிரிஞ்சால் அளப்பதைவிட எடை போட்டுக் கலப்பது துல்லியம், கழுவும் வேலையும் மிச்சம். பழுப்புக் கண்ணாடி பாட்டில் அல்லது பெட் பிளாஸ்டிக் பாட்டில், குழந்தைகள் திறக்க முடியாத மூடியோடு. நைட்ரைல் கையுறை. பேப்பர் டவல். லேபிளும் அழியாத பேனாவும். லேபிள் இல்லாத பாட்டில் பத்தாம் நாளில் அநாதை.

எடைக் கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: பிஜி ஒரு மில்லி 1.036 கிராம், விஜி 1.261 கிராம், ஃப்ளேவர் ஏறக்குறைய 1 கிராம்.

சமையலறை அலமாரியில் இருக்கும் வெனிலா எசன்ஸ், கேக் கலர், ரோஸ் சிரப், ஏலக்காய் எண்ணெய் எதையும் பாட்டில் பக்கம் கொண்டுவராதீர்கள். ஈ-சிகரெட்டில் லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருளுக்குக் காயில் (coil) என்று பெயர்; சர்க்கரை அதில் கருகும். எண்ணெய் நுரையீரலுக்குள் போகவே கூடாது. 2019-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள். கள்ளச்சந்தை கஞ்சா கார்ட்ரிட்ஜ்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளே அதில் முதன்மைக் காரணம். வேப்புக்கென்றே விற்கும், நீரில் கரையும் கான்சன்ட்ரேட் மட்டும் வாங்குங்கள். வெண்ணெய், கஸ்டர்ட், கிரீம் வகைகளில் வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல், அசிட்டைல் புரோப்பியோனைல் இல்லை என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2000-ல் நோய் கண்டறியப்பட்ட பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது அந்த வெண்ணெய் மணம்தான்.

ஒரு மிக்ஸ், அளவோடு

ஸ்ட்ராபெர்ரி கஸ்டர்ட் எடுத்துக்கொள்வோம். சீக்கிரம் ஊறும் பழமும் மெதுவாக ஊறும் கஸ்டர்டும் ஒரே பாட்டிலில் இருப்பதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது. முடிவில் வேண்டியது 60 மில்லி, விஜி 70 பிஜி 30, நிக்கோடின் மில்லிக்கு 3 மி.கி. நிக்கோடினுக்கு, 'நிக் ஷாட்' என்று கடையில் விற்கும், மில்லிக்கு 18 மி.கி. நிக்கோடின் உள்ள சின்ன பாட்டில் ஒன்று, 10 மில்லி, அதுவும் 70-30 கலவையாக வாங்கியது. மீதி 50 மில்லியை நிக்கோடின் இல்லாமல் முதலில் கலந்து ஊறவைக்கிறோம்.

வெனிலா கஸ்டர்ட் 6 சதவீதம்: 3.60 கிராம்
ஸ்ட்ராபெர்ரி 5 சதவீதம்: 3.00 கிராம்
கிரீம் 1 சதவீதம்: 0.60 கிராம்
பிஜி 7.8 மில்லி: 8.08 கிராம்
விஜி 35 மில்லி: 44.14 கிராம்

சதவீதங்கள் 60 மில்லிக்கானவை, 50-க்கு அல்ல. கேப்பெல்லா, டிஎஃப்ஏ போன்ற அமெரிக்க ஃப்ளேவர்களுக்கு இந்த அளவு சரியாக வரும். இத்தாலியின் ஃப்ளேவர் ஆர்ட், போலந்தின் இனவேரா போன்றவை காரம் கூடியவை. பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்திலேயே பேசும். அவற்றை இந்தக் கணக்கில் போட்டால் எத்தனை மாதம் ஊறினாலும் சோப்பு நாற்றம் போகாது. ஊறல் கூர்மையைக் குறைக்கும், அளவு மிஞ்சியதைக் குறைக்காது.

காலிப் பாட்டிலைத் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். ஃப்ளேவர்களில் குறைந்த அளவுள்ளதை முதலில் ஊற்றுங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் மறுபடி பூஜ்யம். ஒரு சொட்டு 0.02 முதல் 0.03 கிராம் வரை இருக்கும். 0.60 கிராமில் ஒரு சொட்டு கூடினால் பரவாயில்லை. ஆனால் 10 மில்லி சோதனை பாட்டிலில் 0.25 சதவீதம் போட வேண்டிய காரமான ஃப்ளேவருக்கு மொத்தமே ஒரு சொட்டுதான். அந்த மாதிரி ஃப்ளேவரை முதலில் பத்தில் ஒரு பங்காகப் பிஜியில் நீர்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து பத்து மடங்கு ஊற்றுவதுதான் வழி.

பிறகு பிஜி, கடைசியில் விஜி. விஜி பாட்டிலை முன்னதாகவே வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தியிருந்தால் தாராளமாக இறங்கும். மூடியை இறுக்கி இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். பால் போல் வெள்ளையாக நுரைத்துப் பயமுறுத்தும். அது காற்றுக் குமிழ்தான், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். லேபிளில் தேதி, பெயர், சதவீதங்கள், 'நிக்கோடின் இல்லை' என்ற குறிப்பு. பாட்டிலை வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

நிக்கோடினைக் கடைசிக்கு ஒதுக்குவதில் சிலருக்கு உடன்பாடில்லை, எல்லாம் சேர்ந்து ஊறினால்தான் ஒட்டும் என்பார்கள். ஆனால் காற்றும் சூடும் நிக்கோடினை ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பாக்கும், தொண்டையில் மிளகுக் காரம் ஏறும். நிக்கோடின் இல்லாத பாட்டிலை நீங்கள் திறக்கலாம், சூடாக்கலாம், கொட்டினாலும் துடைத்துவிட்டுப் போகலாம். அதனால் கடைசியில் சேர்ப்பதே புதியவருக்கு நல்லது.

மூடியை எப்போது திறப்பது

கலந்த மறுநாள் மூடியைக் கழற்றி மோந்து பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன் தேய்க்கும் பஞ்சின் வாசனை, அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி மூக்கில் குத்துகிறதா? அப்படியென்றால் ஃப்ளேவரில் எத்தில் ஆல்கஹால் அல்லது அதுபோல் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் இருக்கிறது. காற்றாட விடுவதற்கு இது ஒன்றே சரியான காரணம். வெறுமே 'ருசி வரவில்லை' என்பதற்காகத் திறக்காதீர்கள்.

கொதிநிலைகளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி. அன்னாசி வாசனை தரும் எத்தில் பியூட்டிரேட் 121. வாழைப்பழ வாசனையான ஐசோஅமைல் அசிட்டேட் 142. பிஜி 188. வெனிலின் 285, விஜி 290. மூடி திறந்திருக்கும்போது இவை எல்லாமே ஒரே கதவு வழியாகத்தான் வெளியேறும், ஏறக்குறைய இதே வரிசையில். முதலில் ஆல்கஹால் போகிறது, அதன் பின்னாலேயே பழம் போகிறது. வெனிலாவும் கஸ்டர்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரவு முழுக்கத் திறந்து வைத்த ஸ்ட்ராபெர்ரி கஸ்டர்ட் காலையில் வெறும் கஸ்டர்டாக இருப்பது இதனால்தான்.

எனவே: ஆல்கஹால் நெடி அடித்தால், சொட்டு முனையையும் கழற்றிவிட்டு, வாயை ஒரு சுத்தமான டிஷ்யூவால் மூடி, ஒரு மணி நேரம். மோந்து பாருங்கள். இன்னும் இருந்தால் இன்னொரு மணி நேரம். கஸ்டர்ட், பேக்கரி, புகையிலை வகைகள் என்றால் 4 மணி நேரம் வரை தாங்கும். பழம், மிட்டாய், புதினா இருக்கும் மிக்ஸில் 2 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் வேண்டியிருந்தால் தவறு செய்முறையில் இருக்கிறது.

திறந்து வைப்பதில் பலர் கவனிக்காத இன்னொரு வினை உண்டு. விஜி ஈரத்தை உறிஞ்சும். வெளியே மழை, உள்ளே சோறு கொதிக்கிறது, பக்கத்தில் மூடியில்லாத பாட்டில் என்றால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு இழுக்கும்போது காயில் படபடவென்று வெடித்து நாக்கில் சூடாகத் தெறிக்கும். காற்றாட விடும் இடம் சமையலறையாகவோ குளியலறையாகவோ இருக்கக் கூடாது.

நடுவழி ஒன்று இருக்கிறது, தினசரி பழக்கத்துக்கு இதுவே போதும். அமுக்கக்கூடிய பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடியைத் திறந்து, உள்ளே தேங்கிய காற்றை ஒரு அமுக்கில் வெளியேற்றி, புதுக்காற்று வாங்கவிட்டு மூடிக் குலுக்குங்கள். முதல் மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை. பத்து விநாடி வேலை.

சூடு காட்டுவது

மூடிய பாட்டிலை 45–50 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்துக் குலுக்கினால் விஜி இளகி, கலப்பு விரைவாகும். அவ்வளவுதான் அதன் பயன். அந்த நெளிகோடுகள் மறைய ஒரு நாள் ஆவதற்குப் பதில் ஒரு மணி நேரம் ஆகும். மூன்று வாரக் கஸ்டர்டை மூன்று மணி நேரத்தில் தரும் மந்திரம் அதில் இல்லை. மூக்குக்கண்ணாடி, நகை கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியும் இதே கணக்கு. மைக்ரோவேவ் வேண்டாம். ஸ்லோ குக்கரில் இரவு முழுக்க விடுவதும் வேண்டாம், சூட்டில் பழ வாசனைகள் சிதைந்து, மூடி லேசாகத் தளர்ந்திருந்தால் ஓடியும்விடும்.

எத்தனை நாள்

தனிப் பழங்கள், மெந்தால், குளிர்ச்சி வகைகள்: 1 முதல் 3 நாள். மிட்டாய், குளிர்பானம்: ஒரு வாரம். கேக், பிஸ்கட், டோனட்: இரண்டு மூன்று வாரம். கஸ்டர்ட், கிரீம்: மூன்று நான்கு வாரம். புகையிலை: நான்கு முதல் ஆறு வாரம். கூட்டு மிக்ஸில் மெதுவாக ஊறும் பொருளுக்காகக் காத்திருங்கள்.

இவை தோராயம்தான். நாள்காட்டியைவிட நாக்கு நம்பகமானது, ஆனால் நாக்குக்கும் ஒழுங்கு வேண்டும். 1, 3, 7, 14, 21-ஆம் நாள்களில் மட்டும் ருசியுங்கள். ஒரே சாதனம், ஒரே வாட் அளவு, ஒவ்வொரு முறையும் காயிலில் புதுப் பஞ்சு. நாலு இழுப்பு போதும். இரண்டு சொல் எழுதி வையுங்கள்: 'பழம் முன்னே, கஸ்டர்ட் எங்கோ', 'வாந்தி நெடி குறைந்தது' என்கிற மாதிரி.

ஆம், வாந்தி நெடிதான். டைஅசிட்டைலை நீக்கிய பல கிரீம் வகைகளில் வெண்ணெய்ச் சுவைக்காகப் பியூட்டிரிக் அமிலம் வருகிறது. கெட்டுப்போன நெய்யிலும் அதுவேதான். முதல் வாரத்தில் மோந்தால் முகம் சுளிக்கும். பெரும்பாலான பாட்டில்களில் இரண்டாவது வாரத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாவது வாரமும் அப்படியே இருந்தால் அடுத்த முறை அந்தக் கிரீமைப் பாதியாகக் குறையுங்கள்.

காற்றின் விளைவை நீங்களே பார்க்க ஒரு சோதனை. கலந்த 50 மில்லியிலிருந்து 10 மில்லி வீதம் மூன்று சின்ன பாட்டில் எடுங்கள். முதலாவது திறக்கவே கூடாது, இரண்டாவது 2 மணி நேரம் திறப்பு, மூன்றாவது 12 மணி நேரம். மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து ஏழாம் நாள் அடுத்தடுத்து ருசியுங்கள். மூன்றாவதில் ஸ்ட்ராபெர்ரி எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தபின் மூடியை வீணாகத் திறக்கக் கை வராது.

நிக்கோடின் சேர்க்கும் நாள்

மூன்று வாரம் ஆயிற்று, ருசி பிடித்திருக்கிறது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, குழந்தைகளும் நாய் பூனையும் இல்லாத அறையில் நிக் ஷாட்டைப் பாட்டிலில் காலி செய்யுங்கள். எடை ஏறக்குறைய 11.9 கிராம் கூடியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் குலுக்கி, மூடி வைத்து, இரண்டு நாள். இதன் பிறகு காற்றாட விடுவதும் சூடும் கூடவே கூடாது. லேபிளில் '3 மி.கி. நிக்கோடின்' என்று உடனே மாற்றுங்கள்.

மேலே சோதனைக்கு 30 மில்லி எடுத்திருந்தால் கணக்கு மாறும், மறந்துவிடாதீர்கள். மீதி 20 மில்லிக்கு 4 மில்லி ஷாட்தான்.

தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குமட்டல், தலைசுற்றல், வியர்வை வந்தால் வேலையை நிறுத்துங்கள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பிரிட்டனில் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கோளாறுகள்

நிறம் தேன் போல் மாறுவது வெனிலினாலும் நிக்கோடினாலும் வருவது, கெட்டதன் அடையாளமில்லை. கறுப்புக் காப்பி போலாகி, இழுத்தால் மிளகு குத்தினால் நிக்கோடின் கெட்டிருக்கிறது, கொட்டிவிடுங்கள். மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் ஒரு சொட்டுகூட இழுக்காதீர்கள். அடியில் ஊசி போல வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால் மெந்தாலோ குளிர்ச்சிப் பொருளோ குளிரில் உறைந்திருக்கும், பாட்டிலை வெந்நீரில் வைத்தால் கரையும். எலுமிச்சை நாளாக ஆகப் பாத்திரம் கழுவும் சோப்பாக மாறும், அதைக் கொஞ்சமாகக் கலந்து இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். எலுமிச்சையும் இலவங்கப்பட்டையும் பாலிகார்பனேட் டேங்கில் விரிசல் விடவைக்கும், கண்ணாடி டேங்க் வேண்டும்.

ருசியே தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு ஃப்ளேவரைக் கூட்டாதீர்கள். ஒரே லிக்விடை நாள் முழுக்க இழுத்தால் மூக்கும் நாக்கும் மரத்துவிடும், தண்ணீர் குடித்து அன்றைக்கு வேறு லிக்விட் மாற்றிப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் சதவீதம் அதிகமாயிருக்கலாம். பஞ்சுமிட்டாய் வகை இனிப்பான எத்தில் மால்ட்டால் கூடினாலும் மற்ற ருசிகளை அமுக்கிவிடும்.

ஸ்ட்ராபெர்ரியின் குணம் தனி. மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் நான்காவது வாரத்தில் பல பிராண்டுகளில் அது மங்கும், கஸ்டர்ட் மேலெழும். இதற்கு முதலிலேயே 5 சதவீதத்தில் 4-ஐ மட்டும் போட்டு, மீதி 0.60 கிராமைத் தனியாக வைத்து, நிக்கோடின் சேர்க்கும் நாளில் அதையும் ஊற்றுவார்கள். கஸ்டர்ட் மூன்று வாரமும் பழம் இரண்டு நாளும் ஊறியதாக ஆகிவிடும்.